பாதாளத்தில் இரண்டு நீதி

பூமிக்கு அடியிலே என்ன இருக்கிறது? பாதாள லோகம் இருக்கிறது, ஆதிசேடன் ஆயிரம் தலைகளால் உலகைத் தாங்குகிறான் என்றது புராணம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டியவர்கள் கண்டதோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலைமோதிய கடலின் சிப்பிகளை! புராணம் பொய்த்தது, மண் மெய் பேசிற்று.

மண்ணை அறிந்த மனிதன் அதனுள்ளே பாதை அமைத்தான். 1863 ஜனவரி 10ஆம் நாள் இலண்டனில் உலகின் முதல் சுரங்க இரயில் நீராவிப் புகையோடு ஓடிற்று. இந்தியாவில் 1984 அக்டோபர் 24ஆம் நாள் கல்கத்தா வழிகாட்டிற்று. சென்னையின் முதல் சுரங்கத் தடம் 2017 மே 14ஆம் நாள் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை திறக்கப்பட்டது. 2018 மே 25ஆம் நாள் சென்ட்ரலை எட்டியது.

சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துள் இறங்கிப் பாருங்கள், தோழர்களே! மண்ணுக்குள் கான்கிரீட் சுவர் இறக்கி, இடைப்பட்ட மண்ணை அகற்றிக் கட்டிய மாளிகை அது. அங்கு வந்து சேரும் சுரங்கங்களைக் குடைந்தவை எந்திரங்கள். பயணிக்குத் தூய காற்றுத் தர எந்திரம். தண்டவாளத்தில் எவரும் தவறி விழாதிருக்க நடைமேடையோரம் கண்ணாடிக் கதவு. பயணச்சீட்டுக் கேட்பது உண்டு. சாதி கேட்பது இல்லை. இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கெனத் தனியிடம் இருந்த காலமும் இருந்தது. பெரியாரும் தோழர்களும் போராடினர். 1941இல் அந்தப் பேதம் ஒழிந்தது. சமத்துவம் தானாக வந்து சேர்ந்ததல்ல!

ஆனால், அதே நகரின் அடியில் இன்னொரு பாதாளம் உண்டு. பாதாளச் சாக்கடை என்றே அதற்குப் பெயர். அங்கே காற்றோட்டம் இல்லை, நச்சுக்காற்று உண்டு. கண்ணாடிக் கதவு இல்லை. இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் சில வேளைகளில் இல்லை. இறங்குகிறவன் எந்தச் சாதி என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும் என்பதுதான் கொடுமை!

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதை 2013இல் வந்த சட்டம் குற்றமாக்கிற்று. 2023 அக்டோபரில், சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் தர உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்தும் சாவுக்கு ஈடு கணக்கிட வேண்டியிருந்ததே, ஏன்?

பாறையைத் துளைக்க எந்திரம் கண்ட அறிவு, சாக்கடை அடைப்பை நீக்கவும் எந்திரம் கண்டிருக்கிறது. குறை அறிவியலில் இல்லை. “இந்த வேலைக்கென்று ஒரு சாதி இருக்கிறதே” என்ற நினைப்பில் இருக்கிறது. ஆதிசேடனை அகற்றிவிட்டோம், மனுவை இன்னும் அங்கிருந்து அகற்றவில்லை.

எனவே, உங்கள் ஊரில் சாக்கடை மூடி திறக்கப்படும் நாளில் விலகிப் போகாதீர்கள். அருகே நின்று கேளுங்கள்: எந்திரம் எங்கே?