எக்ஸ்ரே அறையும் கட்டிலடி ஸ்கேனும்

தோட்டத்தில் "ஸ்கேன்" என்றால் ஒரே அர்த்தந்தான்: பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. நெஞ்சுச் சளிக்கு எக்ஸ்ரே. இந்தப் பாகப்பிரிவினை லயத்துச் சனங்களின் அறியாமை அல்ல. மருத்துவப் புத்தகங்களும் நெடுநாள் இப்படித்தான் சொல்லிவந்தன. காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஸ்கேனின் ஒலியலை ஊடுருவாது, ஆகவே அங்கே அதற்கு வேலையில்லை என்பது பாடம். டேனியல் லிக்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1990களில் அந்தத் தடையையே தடயமாக்கினார். காற்று இருந்தால் ஒலி முட்டித் திரும்பும், நீர் கோத்தால் வேறு விதமாகத் திரும்பும். அந்த வித்தியாசத்தைப் படித்தால் போதாதா?

நல்ல நுரையீரலில், அதன் உறையைக் காட்டும் வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் விழும். அவை ஏ கோடுகள். வைரஸ் நிமோனியாவில் உறையிலிருந்து திரையின் அடிவரை நெடுங்கோடுகள் இறங்கும். அவை பி கோடுகள். உறைக்கோடும் சொரசொரப்பாகும். இரண்டு பக்கமும், பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதியில், திட்டுத் திட்டாக இவை தெரியும். இடையே நல்ல இடமும் இருக்கும். பாக்டீரியா நிமோனியா என்றால் வழக்கமாக ஒரு பகுதி முழுதாகக் கெட்டிப்பட்டு, கல்லீரலைப் போலவே தோன்றும்.

எக்ஸ்ரே காட்டுவது நிழல். இதயத்துக்குப் பின்னாலும் உதரவிதானத்தின் மறைவிலும் இருப்பது அதில் எளிதில் தப்பிவிடும். ஆரம்ப நாட்களில் படம் சுத்தமாகவே வரலாம். கொரோனா காலத்து ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, தொற்றுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 73 பேரை எக்ஸ்ரேயும் சுமார் 89 பேரை ஸ்கேனும் பிடித்ததாகக் கணித்தது. தொற்றில்லாதவரை இல்லை என்று சொல்வதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், நூற்றுக்கு 72, 73. அதாவது தொற்றில்லாதவர்களில் சுமார் நாலில் ஒருவரை இரண்டுமே வீணாகச் சந்தேகித்தன.

அந்த நாலில் ஒன்று சப்ரகமுவை மாகாணத்தில் சின்ன விஷயமல்ல. இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன மாவட்டங்கள். எலிக்காய்ச்சல் முற்றி நுரையீரலில் இரத்தம் கசிந்தாலும் பி கோடுகள்தான். இதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் அதே கோடுகள். மாணிக்கக் குழித் தண்ணீரில் நாளெல்லாம் நின்றவரா, வயலுக்கு இறங்கினவரா, விறகடுப்புப் புகையில் முப்பது வருஷம் சமைத்தவரா என்று கேட்டறியாத மருத்துவருக்கு ஸ்கேனால் பயனில்லை. எந்த வைரஸ் என்பதையும் அது சொல்லாது. அதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டும்.

எக்ஸ்ரேயை ஒதுக்கிவிடவும் முடியாது. அது ஒரே படத்தில் முழு நெஞ்சையும் காட்டும். காசநோய்க்கு இன்றும் அதுவே கைகொடுக்கிறது. நுரையீரலின் உறையைத் தொடாமல் நடுவில் இருக்கும் கோளாறு ஸ்கேனுக்குத் தெரியாது. எக்ஸ்ரே படத்தை இன்னொரு டொக்டர் நாளைக்கும் பார்த்துத் திருத்தலாம். ஸ்கேனில் பெரும்பகுதி பிடித்தவரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. பழகாத கைக்கு எல்லா நெஞ்சிலும் கோடு தெரியும்.

ஆனால் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூச்சு வாங்கும் கிழவிக்கு முதல் சிக்கல் படத்தின் தெளிவு அல்ல, பாதை. தோட்டத்து டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே கிடையாது. மழையில் மலைப்பாதையில் லொறியோ ஓட்டோவோ பிடித்து இறங்க வேண்டும். கூடப் போகும் மகளுக்கு அன்றைய பேரும் கூலியும் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், ஒட்சிசன் குழாயோடு கிடப்பவரை வாட்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். "ஹுஸ்ம கன்ன" (மூச்சை இழுங்கள்) என்று சிங்களத்தில் சொன்னது புரிந்தாலும் இழுத்துப் பிடிக்க மூச்சு வேண்டுமே. ஸ்கேனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டிலடியிலேயே முன்னும் பின்னும் பார்த்துவிடலாம். கதிர்வீச்சு இல்லாததால் மாலையில் மறுபடியும் பார்க்கலாம், கர்ப்பிணிக்கும் பார்க்கலாம். அந்தக் கர்ப்பிணியின் பிள்ளையைப் பார்க்கும் அதே வளைந்த முனை நெஞ்சுக்கும் பொருந்தும். நம் நாட்டில் டெங்கு வாட்டுகளில் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கசிகிறதா என்று கட்டிலடியில் ஸ்கேன் பிடிப்பது ஏற்கெனவே வழக்கம். கையைப் பழக்கும் வேலையில் பாதி அங்கேயே நடந்துவிட்டது.

என் தீர்ப்பு இது: மூச்சுத் திணறலோடு வருபவருக்கு முதலில் கட்டிலடி ஸ்கேன், பிறகு தேவைக்கு எக்ஸ்ரே. அதுவும் தோட்டத்து டிஸ்பென்சரியில் அல்ல; பலாங்கொடை, கரவனெல்ல போன்ற ஆதார வைத்தியசாலைகளில், பழகிய டொக்டர் இருக்கும் வாட்டுகளில். ஆளைப் பழக்காமல் டிஸ்பென்சரிக்கு மெஷினை மட்டும் அனுப்பினால், பயந்துபோய் எல்லோரையும் இரத்தினபுரிக்கு ஏற்றுவார்கள், அல்லது யாரையுமே ஏற்றமாட்டார்கள்.

வாட்டில் உங்கள் அப்பாயியின் முதுகில் ஜெல் தடவி ஸ்கேன் பிடித்தால் திகைக்க வேண்டாம். டொக்டர் கேட்காவிட்டாலும், வீட்டில் யார் மாணிக்கக் குழிக்குப் போகிறார்கள், யாருக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.