தண்ணீரை 'இயா' என்று சொல்கிறவர்கள்

வியட்நாம் யுத்தம் பற்றிய ஹொலிவூட் படங்களில் ஒன்றிரண்டைப் பார்த்தவர்களுக்கு 'இயா ட்ராங்' என்ற பெயர் தெரிந்திருக்கும். 1965 நவம்பரில் அமெரிக்கப் படையும் வட வியட்நாம் படையும் முதன்முதலாகப் பெரிய அளவில் மோதிய பள்ளத்தாக்கு அது. மெல் கிப்சன் நடித்த படம்கூட வந்தது. ஆனால் அந்த 'இயா' எந்த மொழி? வியட்நாமிய மொழி இல்லை. அது ஜராய் மொழிச் சொல். தண்ணீர், ஆறு என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சண்டை பிடித்தது ஜராய் மக்களின் நிலத்தில்தான்.

ஜராய் தனி மொழி இல்லை, அதற்குச் சகோதரங்கள் கனக்க இருக்கு. சாம், ரடே, ரோக்லாய், ஹாரோய், சுரு, சாட். மொழியியலாளர்கள் இவற்றைச் சேர்த்து 'சாமிக்' மொழிகள் என்கிறார்கள். மடகஸ்கார் முதல் ஹவாய் வரை பரவிக் கிடக்கும் ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பத்தின் ஒரு சின்னக் கிளை. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தீவுகளின் மொழிகள். இவர்களோ கடல் கடந்து வந்து, ஆசியப் பெருநிலத்தின் கரையில் இறங்கிக் குடியேறியவர்கள். 2019 வியட்நாம் குடிசன மதிப்பீட்டின்படி ஜராய் இனத்தவர் ஐந்து லட்சம் அளவில், சுரு இனத்தவர் 23 ஆயிரம் அளவில். சாட் பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான், அவர்களும் வியட்நாமில் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்த சம்பா அரசுகளின் மொழி பழைய சாம். ட்ரா கியூ அருகே கிடைத்த டோங் யென் சாவ் கல்வெட்டு நான்காம் நூற்றாண்டளவினது என்று கணிக்கப்படுகிறது. அரசனின் நாகத்தை மதிப்பவனுக்கு நன்மை, பழிப்பவனுக்கு நரகம் என்று சொல்லும் சில வரிகள். ஆஸ்ட்ரோனேசிய மொழி எதிலும் கிடைத்த எழுத்துக்களில் இதுதான் ஆகப் பழையது. பழைய மலாய்க் கல்வெட்டுகள் வர இன்னும் சுமார் முந்நூறு வருடம் ஆகிறது. எழுத்து வடிவம் தென்னிந்தியப் பிராமி வழியில் வந்தது, எங்கட தமிழ் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

மொழியின் பழமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாங்கள் நிறுத்த மாட்டோம்தானே. அதனால்தான் இந்தக் கல்வெட்டை இங்கே குறிப்பிடுகிறோம். தன் குடும்பத்திலேயே மூத்த எழுத்தை வைத்திருந்த மொழி, இன்று அந்தக் குடும்பத்தின் சின்ன மொழிகளில் ஒன்று. பழமை அதைக் காப்பாற்றவில்லை.

982-இல் வடக்கிலிருந்து வந்த லே ஹோவானின் படை சம்பாவின் தலைநகர் இந்திரபுரத்தை அழித்தது. நான்கு வருடம் கழித்து, 986-இல், சம்பாவிலிருந்து ஒரு கூட்டம் ஹைனான் தீவுக்குத் தப்பி வந்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. அப்படி வந்தவர்களின் வழியினர் என்று கருதப்படுகிறவர்கள் இன்றும் அத்தீவின் தெற்கே, சன்யா நகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது சாட். முஸ்லிம்கள் என்பதால் சீன அரசு அவர்களை 'ஹுய்' என்ற பெரிய இனப் பிரிவுக்குள் போட்டுவிட்டது. எனவே அரசின் இனக் கணக்கில் சாட் என்று ஒரு வரி கிடையாது. வெளியுலகத்துக்கு 1941-இல்தான் போல் பெனடிக்ட் என்ற ஆய்வாளர், இது சாம் மொழியின் உறவு என்று எழுதினார்.

சாட் மொழிக்கு நடந்தது ஆச்சரியமானது. நெருப்புக்கு மலாயில் 'அப்பி', சாமில் 'அபுய்', சாட்டில் வெறும் 'புய்'. சொல்லின் முன்பாதி தேய்ந்து, எல்லாம் ஓரசையாகச் சுருங்கியது. சொல்லிறுதி மெய்கள் பலதும் மங்க, அவை செய்த வேலையைக் குரலின் ஏற்ற இறக்கம் எடுத்துக்கொண்டது. இப்போது சாட்டில் ஐந்து தொனிகள். குரலை உயர்த்திச் சொன்னால் ஒரு சொல், தாழ்த்திச் சொன்னால் வேறொரு சொல். பக்கத்து மொழிகள் எல்லாம் தொனி உள்ளவை, ஆயிரம் வருடம் அவற்றோடு வாழ்ந்தால் இப்படித்தான். மலையில் ஏறிய ரடேயும் ஜராயும் அங்கிருந்த மொன்-கெமர் மொழிகளின் பக்கம் சாய்ந்தன.

உதாரணத்துக்கு ஹைனான் வரை போகவும் தேவையில்லை. கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் கதைக்கப்படும் இலங்கை மலாயும் ஆஸ்ட்ரோனேசிய மொழிதான். அதில் இன்று வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எங்கட 'கு' செய்யும் வேலையை அங்கே 'நாங்' என்ற ஒட்டு செய்கிறது. இப்படிக் கலந்ததை 'கெட்டுப்போன மலாய்' என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. மாறியதால்தான் அது இன்னும் வீட்டில் புழங்குகிறது.

மாறவும் விடாமல் வாயையே மூடின இடமும் உண்டு. 1471-இல் விஜயா நகரம் வீழ்ந்தது. 1832-இல் கடைசிச் சம்பா அரசான பாண்டுரங்கத்தை மின் மாங் பேரரசன் விழுங்கினான். இந்த இடைக்காலங்களில் கம்போடியாவுக்கு அலை அலையாகப் போன சாம் மக்கள் அங்கே ஆற்றங்கரைகளில் ஊர் அமைத்தார்கள். 1975-இல் கெமர் ரூஜ் வந்தது. சாம் பேசத் தடை, தொழுகைக்குத் தடை, ஊர்களைக் கலைத்து மக்களைப் பிரித்துப் போடுதல். கோ பால், ஸ்வாய் க்லியாங் என்ற இரண்டு ஊர்கள் எதிர்த்து எழுந்தன. இரண்டையும் நசுக்கினார்கள். சாம் மக்கள் மீது நடந்தது இனப்படுகொலைதான் என்று நுவோன் சியாவுக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2018 நவம்பர் ஆனது. இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

இப்போது சாம் மக்கள் ஒரே எழுத்தில் எழுதுவதும் இல்லை. வியட்நாமில் பழைய 'அகர் த்ராஹ்' எழுத்து, கம்போடியாவில் பெரும்பாலும் அரபு வழி எழுத்து. 1978-இல் நின் துவான் பகுதியில் சாம் பாடநூல் குழு அமைத்து, ஆரம்பப் பள்ளிகளில் எழுத்தைப் படிப்பித்தார்கள். நல்ல விடயம்தான், ஆனால் அந்தப் புத்தகங்கள் எழுத்துமுறையில் செய்த மாற்றங்களை போ தர்மா போன்ற வரலாற்றாசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிள்ளைக்குப் புத்தகத்தில் வரும் எழுத்து ஒன்று, பாட்டனின் ஏட்டில் இருப்பது இன்னொன்று என்றால் அந்த ஏட்டை யார் வாசிப்பது?

மத்திய மேட்டுநிலத்தில் 1975-க்குப் பிறகு அரசின் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. பின்னாலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஜராய், ரடே நிலமாக இருந்த இடங்களில் வியட்நாமிய மொழிக்காரர் இப்போது பாதிக்கு மேல். வீதிப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயர்கள் இன்னும் 'இயா' என்றும், ரடே பக்கம் 'ஏயா' என்றும்தான் தொடங்குகின்றன.