மொட்டைமாடியில் நாலு பேர்

போன மே மாதம், கத்திரி வெயில். நூம்பலில் எங்கள் எதிர்வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்ட நாலு பேர் வந்திருந்தார்கள். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். பெல்ட் இல்லை, கயிறு இல்லை. "பெல்ட் போடலையாப்பா?" என்று கேட்டேன். "அரை நாள் வேலை சார், இதுக்கெல்லாம் யார் தருவாங்க" என்றான் ஒரு பையன். அந்தப் பதில் மண்டைக்குள்ளேயே சுத்திக்கொண்டிருந்ததால் பழைய சட்டங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

கட்டுமானச் சாவு நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. மவுலிவாக்கம் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் நிறைய. அவ்வளவு பெரிய சைட்டுக்குச் சட்டம் இருந்தது, இருந்தும் காப்பாற்றவில்லை.

சட்டம் சும்மா வந்ததில்லை. தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காகப் போராடின. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். அப்புறம்தான், 1996இல், மத்தியச் சட்டம்.

அந்த மத்தியச் சட்டத்தில்தான் ஒரு ஓட்டை. பத்துப் பேருக்கு மேல், குறைந்தது பத்துப் பேராவது, வேலை செய்யும் நிறுவனத்துக்கே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் கட்டுமானத்துக்கு அந்தப் பத்து அப்படியே நிற்கிறது. எதிர்வீட்டு மாடியில் இருந்ததோ நாலு பேர்.

நல வாரியத்தில் தனி ஆளாகவே பதிந்துகொள்ளலாம், விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. ஆக, விழுந்த பிறகு பணம் வர வழி இருக்கு. விழாமல் இருக்க ஒரு பெல்ட் வாங்கித்தர வேண்டியது யார் என்பதுதான் தெளிவாக இல்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீட்டுக் கூரைகள். ஒவ்வொன்றிலும் இப்படி நாலு பேர் ஏறுவார்கள், அதுவும் நல்ல வெயிலில். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்ததும் அதே 2024இல்தான்.

எங்கள் மாடிக்கும் பேனல் போடுவதாகப் பேச்சு. கொட்டேஷனில் பெல்ட், கயிறு இரண்டையும் தனி வரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். வேலை காலை ஆறு மணிக்கு ஆரம்பம், பதினொன்றுக்கு இறங்கிவிட வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். கூடட்டுமே.