அறிவொளிப் பாட்டிலிருந்து ராப் மேடை வரை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ராப் என்றாலே என் வயதுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு புரியாத வேகத்தில் கத்துவது என்று ஒரு நினைப்பு. ஆனால் இன்று தமிழில் பேர் சொல்லும் ஒரு ராப் பாடகரின் வேர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் நம் ஊர்க் கதை. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பகலில் பள்ளிக்கூடம், இரவில் அறிவொளி மையம் என்று ஓடிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். கல்குவாரியிலும் வயலிலும் பாடுபட்டு வந்த பெண்களிடம் சிலேட்டை நீட்டினால், "இந்த வயசுல எதுக்கு சார்?" என்பார்கள். பாட்டு என்றால் அதே பெண்கள் வட்டமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கலைக்குழுவினர் தெருமுனையில் நின்று நாடகம் போடுவார்கள். கூலி, குடிதண்ணீர், சாராயம் என்று எல்லாமே அவர்கள் வீட்டு விஷயம். நாலைந்து நாள் கழித்துப் போனால், கேட்ட பாட்டில் தங்கள் ஊர்ப் பெயரையும் தங்கள் குறையையும் சேர்த்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். எழுத்து பிறகு வந்தது. முதலில் வந்தது குரல்.

அந்தக் குரல் என்ன செய்தது என்பதற்குச் சைக்கிள் ஒன்றே சாட்சி. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார்.

அறிவொளி நம்மோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் போனது. அரக்கோணத்தில் அந்த இயக்கத்தில் வேலை செய்த ஓர் ஆசிரியத் தம்பதியின் மகன் அறிவரசு. "பாடகர் அறிவு" என்றால் உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும். பொறியியல் படித்தவர். ஆனால் கையில் எப்போதும் கவிதை. பறை, கானா, ஒப்பாரி எல்லாம் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவை உருவாக்கினார்கள். சாதியை எதிர்த்துப் பாடும் குழு. கவிதை எழுதும் இளைஞராக அதற்குள் வந்த அறிவு, அங்கேதான் ராப் பாடகர் ஆனார். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயர் 'தெருக்குரல்'. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நம் தெருமுனை நாடகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு சொந்த நிலம் இல்லாமல் இங்கே வாழ்ந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அந்தப் பாட்டை எடுத்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். நம் மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தோட்டங்களுக்குப் போயின. நம் வீட்டுக் கிழவிகள் சொன்ன கதையும் இதேதான். அதைக் கேட்டு எழுதி வைக்க நம்மிடம் ஆளில்லை.

அமெரிக்காவிலும் இதே வரலாறுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய நாளை ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1968இல், ஹார்லெமில் 'லாஸ்ட் போயட்ஸ்' என்ற கறுப்பினக் கவிஞர் குழு, கொட்டு முழங்கக் கவிதையை மேடையில் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கேயும் கவிதைதான் மூத்தது.

சிகாகோ நகரில் 2001இல் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே கவிதை சொல்லும் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. 2009இல் அந்நகரின் மைய நூலகம், 'யூமீடியா' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்கியது. அதில் புத்தகமும் உண்டு, ஒலிப்பதிவு அறையும் உண்டு, யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லும் மேடையும் உண்டு. மைக் ஹாக்கின்ஸ் என்ற கவிஞர் பிள்ளைகளுக்கு அண்ணன் மாதிரி கூடவே இருந்து வழிகாட்டினார். 2014இல் அவர் இறந்துவிட்டார். அவரிடம் கவிதை சொல்லிப் பழகிய பிள்ளைகளில் ஒருவர், பள்ளியில் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது பாட்டு எழுத ஆரம்பித்து, 2012இல் அதையே தொகுப்பாக வெளியிட்டார். அவர்தான் சான்ஸ் த ராப்பர். 2017இல் கிராமி விருது வாங்கினார். 'நோநேம்' என்ற பெண் ராப் கலைஞரும் அதே நூலக மேடையில் வளர்ந்தவர்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் புலம்பினார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் நோட்டு முழுக்க ராப் எழுதுகிறானாம். "நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன் சார்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "மறுபடி ஒரு நோட்டு வாங்கிக் குடுப்பா. அவன் எழுதினதை ஒரு தடவை உட்கார்ந்து கேளு" என்றேன்.

எழுதுகிற எல்லாப் பிள்ளையும் பாடகர் ஆகிவிடாது. ஆக வேண்டியதும் இல்லை. எங்கள் இலக்கிய மன்றத்தில் வாயே திறக்காத ஒரு எட்டாம் வகுப்புப் பெண், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவைப் பற்றித் தானே எழுதிய பத்து வரியை ஒருநாள் சொன்னாள். முதலில் சிரித்தவர்கள் அடுத்த நிமிடம் அடங்கிப்போனார்கள். அதன் பிறகு வகுப்பில் சந்தேகம் கேட்க அவள் தயங்கியதே இல்லை. இன்று செவிலியராக இருக்கிறாள்.

பல பள்ளிகளில் இப்போது மன்றம் என்றால் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்று ஆகிவிட்டது. உங்களில் ஐம்பது பேராவது இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பிள்ளைகள் சொந்த வார்த்தையில், சொந்த ஊர்ப் பேச்சில் சொல்லட்டும். இலக்கணப் பிழையை அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்க முடியுமா என்றும் பாருங்கள். கேட்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்.