சேவை வலையமைப்பு: பொம்மனஹள்ளிக் குப்பை

ஒரு சேவை நடந்தேறுவதற்காகப் பலரும் தத்தம் வசமுள்ள இடம், கருவி, அனுபவம், அதிகாரம் ஆகியவற்றை ஒன்றுசேர்க்கும்போது உருவாகும் உறவுத்தொகுதி சேவை வலையமைப்பு எனப்படும். மதிப்பை நிறுவனம் மட்டும் உண்டாக்குவதில்லை, பயன்பெறுபவரும் சேர்ந்தே உண்டாக்குகிறார் என்று ஸ்டீபன் வார்கோ, ராபர்ட் லஷ் இருவரும் 2004-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் போக்கை மாற்றியது.

இத்தகைய வலையமைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு பொம்மனஹள்ளியின் குப்பைச் சேவை. பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி, 2007-இல் மாநகராட்சியோடு இணையும் வரை தனி நகராட்சி. 2012-இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் நகரெங்கும் தெருவோரம் குப்பை குவிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் குப்பையைத் தரம்பிரித்தல் கட்டாயமானது. 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வீடுதோறும் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையை வகுத்தது.

ஆனால் உத்தரவு மட்டும் வலையமைப்பை உருவாக்கிவிடவில்லை. குப்பை பொறுக்குவோரும் காயலான் கடைக்காரர்களும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த வேலையைச் செய்துவந்தார்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது அங்கீகாரம். 2011-இல் லோக் அதாலத் உத்தரவுப்படி மாநகராட்சி அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளாகிவந்தவர் கையில் அந்த அட்டையே முதல் வளமாயிற்று. பிறகு வார்டு அளவில் உலர்கழிவு மையங்கள் வந்தன. கொட்டகை மாநகராட்சியுடையது, பயிற்சியும் கணக்குவழக்கு உதவியும் ஹசிரு தளம் போன்ற அமைப்புகளுடையவை, பிரிக்கும் திறன் தொழிலாளருடையது. பால் கவரையும் மளிகைக் கவரையும் கசக்கிப் பார்த்தே பிரித்துவிடும் பெண்களின் கைப்பழக்கம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத மூலதனம்.

கண்ணி ஒன்று விட்டுப்போனால் என்னாகும் என்பதையும் இவ்வட்டாரம் கண்டது. கூட்லுவில் உள்ள கர்நாடக உர வளர்ச்சிக் கழக ஆலைக்குத் தரம்பிரிக்காத குப்பை வந்து சேர்ந்தபோது, துர்நாற்றம் தாளாமல் சுற்றுவட்டார மக்கள் போராடினார்கள். வீட்டில் பிரிக்காததன் விலையை ஆலையின் அண்டைவீட்டார் கொடுத்தார்கள். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் அமைந்த சுவச்சாகிரக கலிகா கேந்திரம் இதற்கு மாற்றுவழி: மட்கவைக்கும் முறைகளைக் குடியிருப்போர் அங்கே நேரில் பார்த்துக் கற்கிறார்கள்.

உலர்கழிவு மையங்களில் பிரித்தெடுக்கும் அட்டைப்பெட்டியும் பெட் பாட்டிலும் உடனே விலைபோகும். பிஸ்கட், சிப்ஸ் உறைகளை வாங்க ஆளில்லை; அவை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. அவற்றைப் பிரிக்கும் உழைப்புக்கான கூலி விற்பனையில் கிடைப்பதில்லை. அதைச் சேவைக் கட்டணமாக மாநகராட்சி தரவேண்டும் என்ற தொழிலாளரின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.