ராணியின் மதமும் சேரியின் மதமும்

பாடப் புத்தகத்தில் முதலாம் எலிசபெத்தின் ஆட்சியைப் பொற்காலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1558இல் பட்டத்துக்கு வந்தவர், 1588இல் ஸ்பெயினின் கப்பற்படையை முறியடித்தவர், ஷேக்ஸ்பியர் காலத்து ராணி, கல்யாணம் கட்டிக்கொள்ளாத கன்னி ராணி, புராட்டஸ்டண்ட் மதத்தை நிலைநாட்டியவர். பொற்காலம் என்ற சொல்லைக் கேட்டாலே சேரியில் பிறந்தவனுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். சோழர் காலத்தையும் பொற்காலம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பொற்காலத்துக் கல்வெட்டில்தான் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் இருக்கிறது. யாருக்குப் பொன், யாருக்கு மண் என்று கேட்காமல் வரலாறு படிப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

மொரப்பூர்க்காரனுக்கும் இங்கிலாந்து ராணிக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தவர் இந்த எலிசபெத். அந்தக் கம்பெனிதான் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் பாராமகாலை வாங்கியது. கர்னல் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்து, தீர்வை போட்டு, பட்டா எழுதினார்கள். பட்டாவில் ரயத்தின் பெயர் ஏறியது. ரயத்தின் நிலத்தில் ஏர் ஓட்டியவன் பெயர், நாற்று நட்டவள் பெயர் ஏறவில்லை. ஆகவே அந்த ராணியின் வீட்டுக் கதையை விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறது.

எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டு, 1536 முதல் 1540 வரை மடங்களை எல்லாம் கலைத்தார். மடத்து நிலங்கள் அரசனுக்கும், அவனிடம் வாங்கிய பணக்காரர்களுக்கும் போயின. மடத்து வாசலில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். மதம் மாறியது என்று சொல்கிற வரலாறு, நிலம் கை மாறியது என்பதை மெதுவாகத்தான் சொல்லும். அடுத்து வந்த தம்பி எட்வர்ட் காலத்தில் நாடு புராட்டஸ்டண்ட். அக்கா மேரி காலத்தில் திரும்பவும் கத்தோலிக்கம். எலிசபெத் வந்ததும் மறுபடி புராட்டஸ்டண்ட். இருபத்தைந்து வருஷத்துக்குள் நாட்டின் சாமி இத்தனை தடவை மாறியது. ஒரு தடவைகூடக் குடியானவனைக் கேட்டு மாற்றவில்லை.

1559இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ராணியைத் திருச்சபையின் தலைமை ஆளுநர் ஆக்கியது. மற்றொன்று, நாடு முழுக்க ஒரே ஜெபப் புத்தகம், ஒரே வழிபாடு என்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவனுக்கு 12 பென்ஸ் அபராதம். அது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலிக்கும் மேலே. 1581இல் அந்த அபராதம் மாதத்துக்கு 20 பவுண்டு ஆனது. கோயிலுக்கு வந்தவன் கேட்டது என்ன? 1569இல் வடக்கே கத்தோலிக்கப் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். அதற்குப் பிறகு, அரசுக்குக் கீழ்ப்படியாமை கடவுளுக்கே விரோதம் என்று விளக்குகிற ஒரு நீண்ட பிரசங்கத்தை அச்சடித்து, கோயில்தோறும் வாசிக்க வைத்தார்கள். அந்தக் கலகத்தில் நிலபுலன் உள்ளவர்களை நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். காரணம், குற்றவாளி என்று தீர்ப்பானால்தான் அவர்கள் சொத்து அரசுக்கு வரும். சொத்தில்லாத ஏழைகளை ராணுவச் சட்டப்படி நூற்றுக்கணக்கில் கிராமம் கிராமமாகத் தூக்கில் போட்டார்கள். செத்தால்கூட லாபமில்லாதவனுக்கு விசாரணை எதற்கு?

இதை கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு மதத்தின் சண்டையாக மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 1586இல் யார்க் நகரத்தில் மார்கரெட் கிளித்ரோ என்ற பெண்ணை, ஒரு கசாப்புக்காரரின் மனைவியை, கத்தோலிக்கக் குருமார்களுக்கு வீட்டில் இடம் கொடுத்ததற்காகப் பிடித்தார்கள். அவள் நீதிமன்றத்தில் வாய் திறக்க மறுத்தாள். அவளைப் படுக்க வைத்து, மேலே கதவைப் போட்டு, பாறாங்கல் ஏற்றிக் கொன்றார்கள். 1593இல் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் என்ற இருவரைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்ல, தீவிரமான புராட்டஸ்டண்டுகள். திருச்சபை ராணியின் கையில் இருக்கக்கூடாது, விசுவாசிகள் தாங்களாகக் கூடுவதே சபை என்றவர்கள். ஆக, எந்தச் சாமியைக் கும்பிட்டாய் என்பது இரண்டாவது கேள்விதான். யாரைக் கேட்டுக் கும்பிட்டாய் என்பதே முதல் கேள்வி.

ஆன்மாவைக் கட்டியவர்கள் உடம்பை விடுவார்களா? 1563ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துப் பண்ணைகள்தான் கண்ணுக்குள் வந்தன. கோடைக் காலத்தில் காலை 5 மணிக்கு முன்பே வேலைக்கு வந்து, ராத்திரி 7, 8 மணி வரை நிற்க வேண்டும். கூலியை நீதிபதிகள் நிர்ணயிப்பார்கள். அந்த நீதிபதிகளும் நிலச்சுவான்தார்கள்தான். அதிகக் கூலி கொடுத்த எஜமானுக்கு 10 நாள் ஜெயில், வாங்கிய கூலியாளுக்கு 21 நாள். எஜமானிடம் சீட்டு வாங்காமல் வேறிடத்தில் வேலைக்குச் சேர முடியாது. 12 வயதிலிருந்து 40 வயது வரை கல்யாணமாகாத பெண்களைக் கட்டாயமாக வேலைக்கு அனுப்பலாம். ராணிக்குக் கன்னியாக இருப்பது மகிமை. ஏழை வீட்டுக் கன்னிக்கு அது அடிமை வேலை.

வேலையில்லாமல் ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு 1572ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. 14 வயதுக்கு மேற்பட்டவனாக இருந்தால் சவுக்கடி, வலது காதுமடலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஓட்டை. மூன்றாம் தடவை பிடிபட்டால் மரணம். 1601இல் வந்த ஏழைகள் சட்டம் ஊருக்கு ஊர் வரி வசூலித்து ஏழைக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் உன் ஊரில் கிட, அங்கேயே வாங்கித் தின்னு, அசையாதே என்பதும் அதற்குள்ளேயே இருந்தது.

துணியையும் விடவில்லை. 1574இல் வந்த பிரகடனம் யார் பட்டு உடுத்தலாம், யார் வெல்வெட் போடலாம், யாருக்கு ஊதாப் பட்டு என்று அந்தஸ்து வாரியாகப் பட்டியல் போட்டது. 1571இல் ஒரு சட்டம்: பிரபுக்களும் கனவான்களும் தவிர்த்து, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் திருநாளிலும் கம்பளித் தொப்பி போட வேண்டும். தலையைப் பார்த்தாலே தராதரம் தெரிந்துவிடும். எங்க ஆயா சொல்லும்: "ஊருக்குள்ள போறப்ப தலத்துண்ட எடுத்து கக்கத்துல வெச்சிக்கணும்டா. செருப்பு கையில இருக்கணும்." இங்கிலாந்தில் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. இங்கே சட்டப் புத்தகம் இல்லாமலேயே நடந்தது. ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் காசு சேர்த்தவன் ஒரு தலைமுறையில் கனவான் ஆனான். அந்த உடைச் சட்டங்களும் 1604இல் ரத்தாயின. நம்முடையது பிறப்போடு ஒட்டியது. கழற்றிவைக்க அது தொப்பி இல்லை.

இனி அந்த மதம் நம் கரைக்கு வந்த கதை. டென்மார்க் அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது இங்கிலாந்தில் இன்னொரு புராட்டஸ்டண்ட் ராணி, ஆன். அவருடைய கணவர் ஜார்ஜ், டென்மார்க் அரசனுக்குச் சித்தப்பா முறை. ஜார்ஜுடைய குருவான பூமே என்பவர்தான் தரங்கம்பாடிக் கடிதங்களை இங்கிலீஷில் போட்டு, லண்டனில் பணம் திரட்ட வழி செய்தார். லண்டனிலிருந்து அச்சு எந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து வந்தது, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அரண்மனை உறவும் அச்சு மையும் சேர்ந்து வந்த சுவிசேஷம் அது.

அந்த அச்சுப் புத்தகம் சேரிக்கும் வந்தது. அதை நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் பறையர் குலத்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமம் கையில் கிடைத்தது. படித்தார், யோசித்தார், அந்தச் சபையில் சேர்ந்தார், படை வேலையை விட்டு உபதேசியார் ஆனார். அரசன் சொல்லி மாறவில்லை, அரசனின் சேவகத்தை உதறிவிட்டு மாறினார். ஆனால் சபை என்ன செய்தது? 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த பட்டத்துக்கு ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. பறையர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று யோசித்து, 1741இல் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியார்தான். கோயிலுக்குள்ளும் வேளாளருக்கு ஓரிடம், பறையருக்கு வேறிடம். கர்த்தர் ஒருவர், உட்காரும் இடம் இரண்டு.

1833இல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை போட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். சபையை விட்டு வெளியே போனவர்கள் உண்டு, சாதியை விட்டு வெளியே வந்தவர்கள் குறைவு. இங்கிலாந்தில் ஒரு வாரம் கோயிலுக்கு வராவிட்டால் அபராதம் போடத் தெரிந்த அதிகாரத்துக்கு, இங்கே ஒரே பாயில் உட்கார வைக்கத் தெரியவில்லை.

1858இல் கம்பெனியின் கதை முடிந்தது. ஒரு புராட்டஸ்டண்ட் ராணி திறந்த கடையை இன்னொரு புராட்டஸ்டண்ட் ராணி மூடினார். விக்டோரியாவின் பிரகடனம், உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம், பழைய வழக்கங்களுக்கு மதிப்புக் கொடுப்போம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேரிக்கு அதன் அர்த்தம் வேறு. பொதுக் கிணற்றில் தண்ணி எடுக்காதே என்பதும் பழைய வழக்கம்தானே? எலிசபெத் மதத்தில் தலையிட்டது ஆட்சி நிலைக்க. விக்டோரியா தலையிடாமல் இருந்ததும் ஆட்சி நிலைக்கத்தான். இரண்டு கணக்கிலும் நாம் செலவுப் பக்கம்.

இதற்கு எதிராக நமக்கு ஒரு வரலாறு உண்டு. 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அங்கே ராஜாவும் இல்லை, அபராதமும் இல்லை. கீழே இருப்பவன் தானாகத் தேர்ந்தெடுத்த மதம் அது.

அந்தத் தேர்வை அரசு சும்மா விட்டதா என்றால், இல்லை. 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022இல் மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள்.

எங்கள் சொந்தத்தில் இரண்டு பெண்கள், அண்ணன் மகள், தம்பி மகள். ஒரே காலனி, ஒரே குழாயடி, ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற பெயரும் ஒன்றே. ஒருத்தி பட்டியல் சாதி. ஞானஸ்நானம் வாங்கிய வீட்டில் பிறந்தவள் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவள். நாளைக்கு இரண்டு பேரையும் ஒருத்தன் சாதிப் பேர் சொல்லி அடித்தால், 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒருத்திக்குத்தான் கதவைத் திறக்கும். 2012 நவம்பர் 7 அன்று எங்கள் மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் கொளுத்தினார்களே, சுவரில் எந்தச் சாமி படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்தா கொளுத்தினார்கள்?

1559இல் அரசு ஏழையைக் கேட்டது: என் கோயிலுக்கு ஏன் வரவில்லை? 1950இல் அரசு தலித்தைக் கேட்டது: அந்தக் கோயிலுக்கு ஏன் போனாய்? முன்னதற்கு அபராதம் 12 பென்ஸ். பின்னதற்கு அபராதம் படிப்பு, வேலை, பாதுகாப்பு. மதம் அவரவர் மனசு என்று அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்வது உண்மையானால், மூன்றாம் பத்தி போக வேண்டும். சாதி மதம் பார்த்து ஒட்டவில்லை. நிவாரணம் மட்டும் ஏன் மதம் பார்க்க வேண்டும்?