வால்நட்டிடம் வண்டு சொன்னது

நேப்பிள்ஸ் நகரத்துப் பழமொழிகளில் ஒரு தனி வகை உண்டு. அவற்றில் யாராவது ஒருவர் பேசுவார். கோமாளி புல்சினெல்லா சொன்னானாம், கரப்பான்பூச்சி சொன்னதாம் என்றுதான் தொடங்கும். அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இது: வால்நட்டைப் பார்த்து வண்டு சொன்னதாம், "எனக்கு நேரம் கொடு, உன்னைத் துளைத்துவிடுகிறேன்."

பேசுகிற வண்டுக்கு அந்த ஊரில் 'பப்பிசெ' என்று பெயர். அது சமையலறைவாசி. பயறு, மாவு, மக்ரோனி என்று எதில் வேண்டுமானாலும் விழும். 'இலை தின்னிகள்' என்று கேலிக்கு ஆளாகியிருந்த நேப்பிள்ஸ் மக்கள், 17ஆம் நூற்றாண்டில் 'மக்ரோனி தின்னிகள்' ஆனார்கள். பக்கத்திலுள்ள கிரான்யானோவில் தெருவெங்கும் மக்ரோனியைத் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். வண்டுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை. ஆனால் வண்டுக்கும் வால்நட்டுக்குமான பகை மக்ரோனிக்கும் முந்தையது. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை மூடிய ஊர்களில் கருகிய கோதுமையோடு தானிய வண்டும் கிடைத்திருக்கிறது, கருகிய வால்நட்டும் கிடைத்திருக்கிறது. பழமொழியில் பேசுகிறவரும் கேட்கிறவரும் அந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள்.

கொட்டையில் சின்னதாக, வட்டமாக ஒரு துளை. உள்ளே பருப்பு இல்லை, பொடிதான். யாரோ ஒருத்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்த நேரத்தில்தான் இந்தப் பழமொழி பிறந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். சுத்தியல் தேடவைக்கிற ஓட்டை இத்தனூண்டு பூச்சி எப்படித் துளைத்தது?

விடை இன்னொரு கொட்டையிடம், நேப்பிள்ஸ் இருக்கும் அதே காம்பானியா மாநிலத்து அவெல்லாவின் மலைச்சரிவில் இருக்கிறது. ஹேசல்நட்டின் அறிவியல் பெயரில் இடம்பிடித்த ஊர் அது. அந்தக் கொட்டையைக் கெடுக்கும் நீள மூக்கு வண்டு, ஓடு இன்னும் இளசாக இருக்கும்போதே துளையிட்டு முட்டை வைத்துவிடும். காய் வளர வளர அந்த வடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். நம் மாங்கொட்டைக்குள் கருவண்டு இருக்கிற கதைதான். உள்ளே பொரிந்த புழு பருப்பைத் தின்று வளரும். கோடை முடியும்போது, இறுகிவிட்ட ஓட்டை உள்ளிருந்தே கடித்து வட்டமாக வழி செய்துகொண்டு மண்ணில் விழும். நாம் பார்க்கிற துளை அது வெளியேறிய வாசல். கால்கூட இல்லாத மெல்லிய புழு, மரத்தைப் போல் இறுகிய சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் திறக்கிறது. பழமொழி சொல்வதைவிட இது பெரிய உழைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தாலியர் பொதுவாகச் சொல்லும் 'மெதுவாகப் போகிறவன் நலமாக, நெடுந்தூரம் போவான்' என்பது பெரியவர் சொல்லும் புத்திமதி. நேப்பிள்ஸ் வண்டு புத்திமதி சொல்லவில்லை, சவால் விடுகிறது. அதுவும் எளியவன் வலியவனை நேருக்கு நேர் நிறுத்திச் சொல்கிற சவால். 1503 முதல் 200 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானிய அரசப் பிரதிநிதிகள் ஆண்ட நகரம் அது. 1647 ஜூலையில் பழங்களின் மேல் விதித்த வரியை எதிர்த்து மீன் விற்கும் மசனியெல்லோ தலைமையில் ஊரே எழுந்தது. பத்தே நாளில் அவனைக் கொன்றுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் 'நேரம் கொடு' என்ற சொல்லின் கனம் வேறு. இன்றும் முதலாளியிடமோ அதிகாரியிடமோ தோற்றுத் திரும்புகிறவர் வாயில் அது ஆறுதலாக ஒலிப்பதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்ற அறிவிப்பாகவே ஒலிக்கிறது.

தெற்கே சிசிலிக்குப் போனால் வண்டு எலியாகிவிடுகிறது. கொட்டை அதேதான், கேட்பதும் அதே நேரம்தான். எலிக்குப் பல் இருக்கிறது, வெளியிலிருந்தே கொறித்து உள்ளே போய்விடும். எனக்கென்னவோ மூக்கை மட்டும் நம்பிப் பேசுகிற அந்த நேப்பிள்ஸ் வண்டின் பக்கம்தான் மனம் சாய்கிறது.